இருபத்தேழாம் எண் முத்திரை

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி செய்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அதில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேசையில் ஒரு ரப்பர் கை இருக்கும். அதற்குள் நாடித் துடிப்பை நாங்களே உண்டாக்கி, அழுத்தத்தை 120க்கு 80 என்று வைப்போம். கருவியின் பட்டையை அந்தக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் அதுவும் 120க்கு 80 என்று சொல்ல வேண்டும். மூன்று புள்ளி முன்னே பின்னே சொன்னால் மன்னித்துவிடுவேன். நான்கு சொன்னால் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிடுவேன். தேறிய கருவியின் முதுகில் சோதித்தவரின் எண் போட்ட சின்ன வட்ட முத்திரை விழும். என் எண் 27.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும் யாராவது பிரஷர் என்று வாயைத் திறந்தால் போதும். "மெஷின் வாங்கும்போது முதுகைத் திருப்பிப் பாருங்க. 27ன்னு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்பேன். என் முன்னால் எந்த மெஷினும் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது என்று சாப்பாட்டு அறையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதற்குச் சாட்சிகள் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மகாராணி ஒரு மெஷினோடு கூட்டுச் சேர்ந்து பதினோரு நாள் பொய் எழுதியதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் முதல் கணவர் கசஹாரா குடும்பத்துப் பிள்ளை. அவரோடு வாழ்ந்த காலத்தில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு தடவையும் கடைசி வாரம் வரை வேலைக்குப் போனேன். வலி எடுத்து மூன்று மணி நேரத்தில் பெற்றுப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சோறு சப்பென்று இருக்கிறது என்று சண்டையும் போட்டேன். பிரஷரா? 110க்கு 70. ஒரு நாள்கூட அசைந்ததில்லை. பக்கத்தில் எவளாவது வாந்தி, வீக்கம் என்று சொன்னால் "இதெல்லாம் மனசுல இருக்கு" என்று உபதேசம் செய்வேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போட வேண்டும் போலிருக்கிறது.

அந்தக் கல்யாணம் பெரிய ரகளை ஒன்றும் இல்லாமல் முறிந்தது. அவர் நகோயாவுக்குப் போய்விட்டார், நான் பெண்களோடு, கசஹாரா என்ற பெயரோடு, இங்கேயே இருந்துவிட்டேன். நாத்தனார் ஃபுஸாயேவும் இங்கேயே இருந்துவிட்டாள், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. விவாகரத்துப் பத்திரத்தில் அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால் அவள் என்னை நாட்டாமை செய்வதை நிறுத்தவும் இல்லை.

முப்பத்தெட்டு வயதில் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். அங்கே பயிற்சி கொடுத்தவர்தான் யாஜிமா கோஸுகே. நாற்பத்துநான்கு வயது. பூனைக்குட்டியிடம்கூட "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா" என்று கேட்கிற ரகம். நான் கத்துவேன், அவர் தன் பக்கத்து பிரேக்கை மெதுவாக மிதித்து, பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்தே கூப்பிடுவார்.

"கண்ணாடியைப் பாருங்க கசஹாரா சான்."

"பார்த்துட்டேன்!"

"பார்த்தீங்க. ஆனா அதுல வந்த லாரியை நம்பலை."

பின்பக்கமாக எடுத்து நிறுத்துகிற பரீட்சையில் மூன்று தடவை என்னை ஃபெயில் செய்தார். நாலாவது தடவை பாஸ். உரிமம் கையில் வந்த அன்று நன்றி சொல்கிற சாக்கில் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் ஏப்ரலில் அவரையே கட்டிக்கொண்டு யாஜிமா ஆனேன். ஜூலை கடைசியில் உண்டாகிவிட்டேன். முப்பத்தொன்பது வயதில், பதினாறு வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு! பெரியவள் நாகிசா செய்தியைக் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் வேற பொழுதுபோக்கே இல்லையா?" என்றாள். அசடு வழிந்தது. ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மனுஷர் ஸ்கேன் படத்தைத் தன் உரிமத்தோடு சேர்த்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

நகர அலுவலகத்தில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தருகிற தாய்சேய்க் கையேடு வாங்கப் போனேன். எனக்கு இது மூன்றாவது புத்தகம். கவுண்டரில் இருந்த சின்னப் பெண் கர்ப்பிணிகள் வகுப்புக்குத் தேதி சொன்னாள். "நான் வேணா வந்து பாடம் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இருபதாவது வாரம் டாக்டர் கோமியாமாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"யாஜிமா சான், இந்தக் கணவரோட எத்தனை மாசம் சேர்ந்து இருந்தீங்க, கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடி?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"காரணம் இருக்கு. சொல்லுங்க."

"நாலு மாசம்." என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அப்போ வீட்டுல தினமும் பிரஷர் பாருங்க."

"டாக்டர், இது எனக்கு மூணாவது. முதல் ரெண்டும் தும்மல் போட்ட மாதிரி வந்துச்சு."

"உங்களுக்கு மூணாவதுதான். உங்க உடம்புல இருக்கற காவலுக்கு இது முதல் குழந்தை மாதிரி."

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். பிள்ளையில் பாதி அப்பாவுடையது. நோய்க் கிருமியை அடித்து விரட்டுகிற காவல் அணுக்களுக்கு அந்தப் பாதி அயல் சரக்கு. பெரும்பாலும் அவை அதோடு பழகிவிடும். சும்மா பழகுவது மட்டும் இல்லை, கூடவே நின்று உதவியும் செய்யும். நஞ்சுக்கொடி கருப்பையில் வேர் பிடிக்கவும், அங்கே இருக்கிற இரத்தக் குழாய்கள் அகலமாகவும் அந்தக் காவலின் சம்மதம் வேண்டும்.

"அதுங்க முறைச்சுக்கிட்டா குழாய் குறுகலாவே நின்னுடும். கொடிக்கு ரத்தம் பத்தாது. தவிக்கற கொடி ஏதேதோ சரக்கை அம்மா ரத்தத்துல கலந்து விடும். அது உடம்பு முழுக்கக் குழாய்களை நோகடிக்கும். பிரஷர் ஏறும். கிட்னி, கல்லீரல், மூளை எல்லாத்துக்கும் ஆபத்து. பிள்ளைக்கும்தான்."

"என் உடம்புக்கு என் புருஷனைப் பிடிக்கலைன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை. எல்லாருக்கும் இப்படி வராது. இது ஒண்ணுதான் காரணம்னும் இல்லை, முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. வயசு இருக்கு, புதுக் கணவர், கொஞ்ச நாள் பழக்கம். எல்லாம் சேர்ந்து இருக்கறதால ஜாக்கிரதையா இருக்கச் சொல்றேன். தினமும் கையேட்டோட காலிப் பக்கத்துல எழுதுங்க. நூத்திநாப்பதைத் தொட்டா அன்னிக்கே போன் பண்ணணும்."

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்லவே முடியாது. அவளைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் வினை. எங்கள் தொழிற்சாலையில் பழைய சப்ளையரிடமிருந்து திருகாணி வந்தால் நூறுக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்போம். புது சப்ளையர் என்றால் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்போம், சந்தேகம் வந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பிப் போகும். அந்த விதியை எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கியதே நான்தான். என் உடம்பும் என்னை மாதிரியே மண்டைக்கனம் பிடித்த பரிசோதனைக்காரியாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? உலகத்திலேயே சாதுவான ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு, உள்ளே அவர் சரக்குக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேனா? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "டாக்டர் தினமும் பிரஷர் பாக்கச் சொல்றா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் எண்கள் ஒழுங்காக இருந்தன. என் திமிரும் பத்திரமாக இருந்தது. பிப்ரவரியில் ஏரி உறைந்தது. இருபத்தொன்பதாவது வாரம் முடியப் போகிற நாளில், காலையில் கருவி 146க்கு 92 என்றது. முந்தின நாள்தான் டாக்டரிடம் போய் வந்திருந்தேன். அங்கே 132. அடுத்த சந்திப்புக்கு இரண்டு வாரம் இருந்தது.

போன் பண்ணியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டையைக் கழற்றி ஆராய்ச்சி செய்தேன். குழாயில் காற்றுக் கசிகிறதா என்று காதில் வைத்துக் கேட்டேன். மின்கலத்தை மாற்றினேன். 151 என்றது.

எங்கள் வீட்டில் ஐந்து கருவிகள் உண்டு. கம்பெனி ஆட்கள் வீட்டில் கத்தரிக்கோல் இல்லாவிட்டாலும் பிரஷர் மெஷின் இருக்கும். ஐந்தையும் கொண்டுவந்து, அடியில் சூடு பொருத்திய கணப்பு மேசையின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கையை நீட்டினேன். 149. 147. 151. 148. ஐந்தாவது, பத்து வருடப் பணிக்குக் கம்பெனி கொடுத்த பழைய மெஷின். 136 என்றது.

கோஸுகே எதிரே உட்கார்ந்து, உப்புச் சோயா விழுது கரைத்த மிசோ சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மெஷின் ஒரே மாதிரி சொல்லுதுங்களே?"

"நாலும் ஒரே பேட்ச். ஒரே பேட்ச்ல கோளாறு இருந்தா எல்லாம் ஒரே மாதிரிதான் உளறும்."

"அப்படியா. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுல்ல? சூப்பைக் குடிங்க வாத்தியாரே."

அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அந்த நாலும் வேறு வேறு வருடத்தில் வாங்கியவை. அந்தப் பழைய மெஷின் பன்னிரண்டு புள்ளி குறைத்துச் சொல்லும் என்பதும் ஆறு வருடமாகத் தெரியும். புத்தாண்டுக்கு வருகிற கிழவர்களைச் சந்தோஷப்படுத்தத்தான் அதை வைத்திருந்தேன். கையேட்டை எடுத்து, பரிசோதனை அறிக்கை எழுதுகிற அதே அழகான கையெழுத்தில், 136 என்று எழுதினேன்.

அதற்கப்புறம் அது ஒரு தினசரி பூஜையாகிவிட்டது. காலையில் மற்ற நாலிலும் பார்ப்பேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், குற்றவாளி திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பானாமே, அந்தக் கதைதான். பிறகு பழையதில் பார்ப்பேன். 139 வந்த நாளில் எவ்வளவு லட்சணமான எண் என்று நினைத்தேன். அதுவும் 140ஐத் தாண்டியபோது, இடது பக்கம் சாய்ந்து படுத்து, மூச்சை மெதுவாக விட்டு, ஆறு தடவை பார்த்து, ஆறில் குறைந்ததை எழுதினேன். தொழிற்சாலையில் எவளாவது இப்படிச் செய்து நான் பிடித்திருந்தால் அவளை மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பகலெல்லாம் இருநூறு மெஷினைத் தொடுகிறேன், ஒன்றில்கூட என் கையை நுழைக்கவில்லை. ரப்பர் கைக்கு மட்டும் எவ்வளவு நேர்மையான கவனிப்பு!

மோதிரம் விரலில் இறுகியது, சோப்புப் போட்டுக் கழற்றினேன். பத்தாவது நாள் கண் முன்னால் வெள்ளைப் பொறிகள் பறந்தன. பனியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டேன். பயமாக இருந்தது. போன் செய்தால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போடுவார்கள், அவர் வந்து ஏன் என்று கேட்பார், டாக்டர் எல்லாவற்றையும் சொல்வாள், அவர் முகம் வாடும். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட அந்தப் பொறிகளைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இவ்வளவு பெரிய முட்டாள் இந்த ஏரியைச் சுற்றி இன்னொருத்தி இருந்திருக்க முடியாது.

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. மத்தியானம் ஃபுஸாயே வந்தாள். அந்த வருடம் எங்கள் தெருவுக்குச் சுகாதாரத் தொண்டர் முறை அவளுக்கு. முறை வந்தால் தப்பிக்க முடியாது, இரண்டு வருடம் செய்தே ஆக வேண்டும். எங்கள் மாகாணத்துக்காரர்கள் ஊறுகாயும் மிசோவுமாகத் தின்று தீர்த்த உப்புக்கும் அதனால் ஏறிய பிரஷருக்கும் இப்படி ஒரு பிராயச்சித்தம். ஃபுஸாயே அந்த வேலைக்காகவே பிறந்தவள் மாதிரி, பையில் உப்பு மானியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் புகுந்து சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள். "அடுப்புல என்ன? சூப்பா? திற."

"வாங்க அண்ணி, முதல்ல உக்காருங்க."

"உக்கார வரலை. உன் கை உப்புக் கை. என் தம்பி உன் கையால தின்னே பாதி ஊறுகாயா ஆனான்." மானியைச் சூப்பில் முக்கினாள். எண்ணைப் பார்த்து முகம் சுருங்கியது. "நூத்துக்குப் புள்ளி ஏழா? இவ்வளவு கம்மியா? ருசியே இருக்காதே!"

கோஸுகே குறுக்கே வந்தார். "எனக்குப் பிடிச்சிருக்குங்க."

"நீங்க எதையும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வீங்க யாஜிமா சார்." திரும்பி என்னைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "ஏண்டி, உப்பு இல்லைன்னா உன் மூஞ்சி ஏன் அவிச்ச பன்னு மாதிரி இருக்கு?"

"மூணாவது பிள்ளை. வயசு ஆகலையா?"

"நாகிசா வயித்துல இருந்தப்போ பாத்தேன், சின்னவ இருந்தப்போ பாத்தேன். உனக்கு விரல்கூட வீங்கலை. கையைக் காட்டு. மோதிரம் எங்க?"

"பாத்திரம் தேய்க்கறப்போ கழட்டினேன்."

"பொய் சொல்லாதே. உக்காரு."

நகர அலுவலகம் தொண்டர்களுக்குக் கொடுத்த பிரஷர் மெஷினைப் பையிலிருந்து எடுத்தாள். பட்டையைச் சரியான உயரத்தில் சுற்றினாள், ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கருவி உறுமியது, நின்றது. 168க்கு 110.

 கோஸுகே அந்த எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த மெஷின் சரியில்லை அண்ணி. பையில போட்டு இடிச்சுக்கிட்டு அலையறீங்க, சென்ஸர் போயிருக்கும். இந்த மாதிரி இலவசமா கொடுக்கற மெஷினை எல்லாம்..."

 ஃபுஸாயே கருவியைக் கவிழ்த்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். முதுகில், வரிசை எண்ணுக்குக் கீழே, சின்ன வட்டத்துக்குள், 27.

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னவ நீதானே? என் சித்தப்பா சாவு வீட்டுல வெச்சுக்கூடச் சொன்னே. இப்போ சொல்லு. மெஷின் பொய்யா, நீ பொய்யா?"

 இந்தக் கருவி பொய் என்றால் பதினெட்டு வருடமாக நான் குத்திய முத்திரை அத்தனையும் பொய். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் உயிரைப் பற்றியோ பிள்ளையின் உயிரைப் பற்றியோ யோசித்து நான் திருந்தவில்லை, வேலைப் பெருமையைத் தொட்டதும்தான் திருந்தினேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை அதுதான்.

"அண்ணி, ரெண்டு நாளா கண்ணு முன்னாடி பொறி பறக்குது," என்றேன். அழுகை வந்துவிட்டது. "காலையிலேர்ந்து தலை பிளக்குது."

"அடிப்பாவி! கோட்டை எடுங்க யாஜிமா சார்!"

காரில் நாங்கள் போன லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பின் இருக்கையில் ஃபுஸாயே மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். முன்னாள் நாத்தனார் மடி என்பது எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியம் இல்லை. நாற்பது என்று போட்ட தெருவில் கோஸுகே நாற்பதிலேயே போனார். இரயில் கடவுப் பாதை வந்ததும் வண்டியை முழுக்க நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதை வெளியே நீட்டினார். பிப்ரவரிக் குளிர் முகத்தில் அறைந்தது.

"ரயில் வருதான்னு காது கொடுத்துக் கேக்கறாராம்! பிள்ளை உள்ள தவிக்குது, மிதிங்க!" என்று ஃபுஸாயே கத்தினாள்.

"மூணு பேரை ஏத்தியிருக்கேங்க. இல்ல, நாலு பேர்." மறுபடி வண்டியை எடுத்தார். "நாலு பேரையும் கொண்டு போய்ச் சேர்க்கணும்." அப்போதுதான் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அழுதுகொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் 174. சிறுநீரில் புரதம் கொட்டியது. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஏற்றினார்கள், உடம்பெல்லாம் தீ வைத்தது போல் எரிந்தது. பிள்ளையின் நுரையீரல் பழுக்க ஊசி போட்டார்கள். டாக்டர் கோமியாமா கையேட்டைப் புரட்டி, என் அழகான கையெழுத்தில் இருந்த 136, 137, 139 எல்லாவற்றையும் பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் திட்டவில்லை.

"கொடியோட சண்டை இது. கொடி வெளியே வந்தாத்தான் தணியும், அதுவும் உடனே தணியாது. ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சா பிள்ளைக்கு நல்லது. பாக்கலாம்," என்றாள். முப்பத்தொன்றாவது வாரம். பிள்ளை ஒரு மாதம் பின்தங்கிய அளவில் இருந்தது. பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்க வைக்கப் பார்க்கிறோம் என்றாள். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கோஸுகே படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரைச்சீலைகளை மூடி வைத்திருந்தார்கள். என்னால் அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லணும். டாக்டர் நவம்பர்லயே சொன்னா. பிள்ளையில பாதி உங்களோடது. என் உடம்பு அதை ஏத்துக்காம முறைச்சாலும் முறைக்கும்னு. அதனாலதான் பிரஷர். உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. உங்களை வேண்டாம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் அந்தப் பழைய மெஷின்ல..."

அவர் போர்வை ஓரத்தை நீவிவிட்டார்.

"நான் உங்களை மூணு தடவை ஃபெயில் பண்ணேன்."

"இப்போ எதுக்கு அது?"

"பிடிக்காமலா பண்ணேன்? முதல் நாளே பிடிச்சிருந்துச்சு. பாஸ் பண்ணிட்டா அப்புறம் வர மாட்டீங்களேன்னுகூட இருந்துச்சு. ஆனாலும் வண்டியைத் தூண்ல இடிக்கறப்போ பாஸ் போட முடியாதுல்ல? பரீட்சை வேற, பிடிக்கறது வேறங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க உடம்பு அதோட வேலையைச் செஞ்சுது. அதுல எனக்கு என்ன கோபம்? கண்ணாடியில லாரி வந்துச்சே, அதை எங்கிட்ட சொல்லாம விட்டீங்க பாருங்க. அதுக்குத்தான் கோபம்."

அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதுகூட 'ங்க' போட்டு.

இரண்டு நாள் தாக்குப் பிடித்தேன். மூன்றாம் நாள் காலை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். ஆயிரத்து இருநூற்று எண்பது கிராம். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை நம்பலாமா என்று யோசிக்கவே இல்லை, அப்படியே நம்பினேன். மினோரி என்று பெயர் வைத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் உடம்பில் ஒட்டியிருந்த கம்பிகள் எந்தக் கம்பெனி என்று முதல் வாரம் நான் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் பார்த்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

என் அழுத்தம் இறங்க மூன்று வாரம் ஆனது. வீட்டுக்குப் போகும் முன் டாக்டர் கோமியாமா இரண்டு விஷயம் சொன்னாள். இனிமேல் வருடா வருடம் என் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது மினோரியைப் பற்றி.

"இப்படிப் பிறந்த பெண்களுக்கு, அவங்க கர்ப்பமாகறப்போ இது வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம். வரும்னு இல்லை. ஆனா அவளோட டாக்டர் உங்க எண்களைக் கேப்பாங்க. இந்தப் புத்தகத்தைப் பத்திரமா வெச்சிருங்க."

தாய்சேய்க் கையேட்டைப் பெண் வளர்ந்ததும் அவளிடமே கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மினோரிக்கு நான் கொடுக்கப் போகிற புத்தகத்தில், அவள் உயிருக்கு மன்றாடிய பதினோரு நாளும் 136, 137, 139 என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முப்பது வருடம் கழித்து ஒரு டாக்டர், உங்க அம்மாவுக்குக் கடைசி நாள்தான் திடீர்னு ஏறியிருக்கு, உங்களுக்கும் மெதுவாப் பாத்துக்கலாம் என்று சொன்னால்?  

அன்று சாயங்காலம் கணப்பு மேசையில் அந்த நாலு மெஷினையும் மறுபடி வரிசையாக வைத்தேன். மெஷினுக்கு ஞாபகம் உண்டு. தேதி, மணியோடு எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும். நாகிசா பொத்தானை அமுக்கி அமுக்கிப் படித்தாள். நான் எழுதினேன்.

"பதினஞ்சாம் தேதி, நூத்தி ஐம்பத்தேழு. நீ எழுதினது நூத்திமுப்பத்தொம்பது. பரிசோதகருக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டலாமாம்மா?"

"நெத்தியில ஒட்டு. அடுத்தது சொல்லு."

அழிப்பான் போடக் கூடாது. பழைய எண்ணின் மேல் இரண்டு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, திருத்தியவரின் பெயர் முத்திரை. கம்பெனியிலும் அப்படித்தான், எங்கள் ஊர் எந்த அலுவலகத்திலும் அப்படித்தான். கோஸுகே, யாஜிமா என்ற பெயர் முத்திரையையும் சிவப்பு மையையும் கொண்டுவந்து வைத்தார். பதினோரு பொய், பதினோரு முத்திரை. பன்னிரண்டாவது வரியில் 168க்கு 110 என்று எழுதி, பார்த்தவர் கசஹாரா ஃபுஸாயே என்று போட்டேன். அதைக் கேள்விப்பட்டு அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மினோரி ஏப்ரலில் வீட்டுக்கு வந்தாள். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: மினோரி, உன் அம்மா இந்தப் பதினோரு நாளும் பொய் சொன்னாள், உன்னைப் பெறுவதற்கு முன்னாலேயே இழக்கப் பார்த்தாள். வேண்டிய மட்டும் சிரித்துக்கொள். சிரித்து முடித்ததும் கையை நீட்டிப் பட்டையைச் சுற்று. மெஷின் என்ன சொல்கிறதோ அதையே எழுது.